அத்தியாயம் 7: இரண்டு சிறிய மகளிர் கல்லூரிகள், எதில் சேர்வது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, அங்கே இங்கே விசாரித்து, பல வீடுகளில் கடைசியாக மிஞ்சுவது இரண்டு கல்லூரிகளின் பெயர்தான். இரண்டும் மகளிர் கல்லூரி. இரண்டும் சிறியவை, எட்டுப் பத்துத் துறைகள், எழுநூறு எண்ணூறு மாணவிகள். ஒன்று தாலுகா ஊரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும். மற்றது பைபாஸ் ரோட்டில், சொந்த பஸ் விட்டு ஊர் ஊராகப் பிள்ளைகளை ஏற்றி வரும். மகளின் மார்க் இரண்டுக்கும் போதும். பெரிய கல்லூரி என்றால் அதன் பெயரே பாதி முடிவைச் சொல்லிவிடும். இங்கே அப்படிக் கைகொடுக்க எந்தப் பெயரும் இல்லை. அதனால் அத்தை மகள் படித்த கல்லூரி, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கல்லூரி, வாசலில் பளிங்கு பதித்த கல்லூரி என்று ஏதோ ஒரு காரணத்தில் முடிவு நின்றுவிடுகிறது. மூன்று வருடம் அந்தப் பெண்ணுக்குப் போகிறது.

இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒன்றைத்தான். சிறிய கல்லூரியில் மகளுக்குக் கல்லூரி என்பது அவள் சேரும் துறைதான். அந்தத் துறையில் இருக்கும் நான்கைந்து ஆசிரியர்கள்தான். அவர்கள் யார், எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள், இன்னும் மூன்று வருடம் இருப்பார்களா என்று பார்த்து முடிவெடுத்தால் பெரும்பாலும் தவறாது.

சிறிய கல்லூரி தருவதும் தராததும்

தமிழ்நாட்டின் பழைய மகளிர் கல்லூரிகளும் சிறியவையாகத்தான் தொடங்கின. பாளையங்கோட்டையில் 1895-ல் சாரா டக்கர் கல்லூரி, சென்னையில் 1914-ல் ராணி மேரிக் கல்லூரி, அடுத்த ஆண்டே மகளிர் கிறித்துவக் கல்லூரி என்று ஒவ்வொன்றும் மிகக் குறைந்த மாணவிகளோடு தொடங்கியவை. அளவு சிறியது என்பதற்காக ஒரு கல்லூரியைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை.

வகுப்பில் முப்பது நாற்பது பேர் இருக்கும் துறையில் ஆசிரியருக்கு ஒவ்வொரு பெண்ணின் பெயரும் தெரியும். இரண்டு நாள் வரவில்லை என்றால் வீட்டுக்குப் போன் வரும். மேடைக்குப் பயந்த பெண்ணைக் கூட்டிப் போய்ப் பேச்சுப் போட்டியில் நிறுத்துவார்கள். மாணவர் பேரவைத் தலைவரிலிருந்து என்.எஸ்.எஸ். முகாமில் அடுப்பு மூட்டுவது வரை எல்லாப் பொறுப்பும் பெண்களிடமே இருக்கும். வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத குடும்பத்துப் பெண்ணுக்கு இது பெரிய பலம்.

தராதவையும் உண்டு. விருப்பப் பாடம் என்று சிலபஸில் நான்கு இருக்கும். நடத்த ஆள் இருப்பது ஒன்றுக்குத்தான். பெரிய நிறுவனங்கள் இருநூறு பெண்களுக்காக கேம்பஸ் இன்டர்வியூ நடத்த வருவது அரிது; வேறு கல்லூரியில் நடக்கும் முகாமுக்குத்தான் அழைத்துப் போவார்கள். எல்லாவற்றையும் விட, ஐந்து பேர் உள்ள துறையில் நடுவே இரண்டு ஆசிரியர்கள் விலகினால் அந்த செமஸ்டரே ஆட்டம் கண்டுவிடும். பெரிய கல்லூரியில் இது உறைக்காது.

முதலில் காகிதம்

நேரில் போவதற்கு முன் வீட்டிலிருந்தே நான்கு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா? ஒரே கல்லூரிக்குள் இரண்டு பிரிவும் இருக்கலாம். பல இடங்களில் காலையில் அரசு உதவி பெறும் பிரிவு, மதியம் சுயநிதிப் பிரிவு என்று ஷிஃப்ட் நடக்கிறது. எய்டட் பிரிவில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு அரசு சம்பளம் தருவதால் கட்டணம் குறைவு. ஆசிரியர்களும் பெரும்பாலும் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருப்பார்கள். சுயநிதிப் பிரிவில் சம்பளம் மாணவிகளின் கட்டணத்திலிருந்து வருகிறது. ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருக்க வாய்ப்பு அதிகம். “எய்டட் காலேஜ்” என்று ஊரில் சொல்வதை நம்பி நின்றுவிடாதீர்கள். உங்கள் மகள் சேரும் பாடம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இரண்டு, தன்னாட்சி உண்டா? தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்து, தேர்வு நடத்தி, ரிசல்ட் வெளியிடும். பட்டச் சான்றிதழ் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். தன்னாட்சி இல்லாத கல்லூரியில் பல்கலைக்கழகம் வைக்கும் பொதுத் தேர்வு. முதல் வகையில் ரிசல்ட் சீக்கிரம் வரும். பாடமும் அவ்வப்போது புதுப்பிக்கப்படும். இரண்டாம் வகையில் மற்றக் கல்லூரிப் பெண்களோடு ஒரே வினாத்தாளில் போட்டியிட்டு மார்க் வாங்குகிறார்கள். பல்கலைக்கழக ரேங்க் வாங்கினால் அதற்கு எடை உண்டு. கடைசி செமஸ்டரில் ஒரு அரியர் விழுந்தால் உடனடித் தேர்வு உண்டா என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு பேப்பருக்காக மேற்படிப்பே ஒரு வருடம் தள்ளிப் போகும்.

மூன்று, பட்டத்தின் பெயர். சிறிய கல்லூரிகள் மாணவிகளை ஈர்க்கக் கணிதத்தோடு கணினிப் பயன்பாடு, வணிகவியலோடு இன்னொன்று என்று புதுப் பெயரில் பாடம் தொடங்குவது உண்டு. படிப்பில் குறை இருக்காது. ஆனால் நாளை டி.ஆர்.பி., டி.என்.பி.எஸ்.சி. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, அறிவிப்பில் கேட்ட பட்டத்துக்கு இது இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். மகளுக்கு ஆசிரியர் வேலை கனவு என்றால் இதைச் சேரும் முன்பே எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். பட்டம் வாங்கிய பிறகு அரசாணையைத் தேடி அலைந்த பெண்கள் ஏராளம்.

நான்கு, கல்லூரிகளை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பு தந்த கிரேடு. ஏ பிளஸ் பிளஸ் என்றால் நான்குக்கு 3.51 அல்லது அதற்கு மேல், ஏ என்றால் 3.01 முதல் 3.25 வரை, பி என்றால் 2.01 முதல் 2.50 வரை. வாசல் போர்டில் கிரேடு பெரிதாக இருக்கும். அது எந்த ஆண்டு வாங்கியது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். கிரேடை விடப் பயனுள்ளது, அதற்காகக் கல்லூரியே எழுதிக் கொடுத்த சுயமதிப்பீட்டு அறிக்கை. கல்லூரியின் இணையதளத்தில் கிடைக்கும். நூறு பக்கம் படிக்க வேண்டாம். இரண்டாவது பகுதியில் முழுநேர ஆசிரியர்களின் எண்ணிக்கையும் தகுதியும் இருக்கும். ஐந்தாவது பகுதியில் படிப்பை முடித்தவர்களில் எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்று இருக்கும். இரண்டு கல்லூரிகளின் இந்த இரண்டு பகுதிகளை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு வேலை நாளில் நேரில்

அட்மிஷன் மேஜையில் எல்லோரும் சிரித்த முகமாகத்தான் இருப்பார்கள். வகுப்பு நடக்கிற நாளில், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவிகளுக்கு ஜூன், ஜூலையில் வகுப்பு தொடங்கிவிடும். பிரின்சிபால் அறையோடு திரும்பாமல் துறைக்குப் போக அனுமதி கேளுங்கள். அனுமதிக்கிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

துறை வாசலில் கால அட்டவணை ஒட்டியிருக்கும். அதன் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பாடத்தின் பெயர், அதன் கீழே ஆசிரியரின் இனிஷியல். வெவ்வேறு இனிஷியல் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். மூன்று வருட வகுப்புக்கும் சேர்த்து மூன்றே பேர் என்றால், ஒருவருக்கே நான்கைந்து பேப்பர் விழுகிறது என்று அர்த்தம். இனிஷியல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தாலோ, வெள்ளைத் தாள் ஒட்டித் திருத்தியிருந்தாலோ, அந்தப் பேப்பருக்கு ஆள் இல்லை அல்லது இப்போதுதான் ஆள் மாறியிருக்கிறார். லைப்ரரி பீரியட், கேம்ஸ் பீரியட் அளவுக்கு மீறி இருந்தால் அதுவும் ஆள் பற்றாக்குறையின் அடையாளமாக இருக்கலாம். எந்தக் கையேடும் சொல்லாததை இந்த ஒரு தாள் சொல்லும்.

அறிவியல் பாடம் என்றால் லேபுக்குள் போங்கள். வேதியியல் லேபில் ப்யூரெட் ஸ்டாண்டில் எத்தனை ப்யூரெட் நிற்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறதா, மேஜையில் சமீபத்தில் புழங்கிய கறை இருக்கிறதா என்று பாருங்கள். சீனியர் ஒருத்தியின் ரெக்கார்டு நோட்டைப் புரட்டினால் வாராவாரம் தேதி போட்டுக் கையெழுத்து இருக்கிறதா, எல்லாப் பக்கமும் ஒரே நாளில் கையெழுத்தானதா என்று தெரிந்துவிடும். கணினிப் பாடம் என்றால் எத்தனை கணினி இருக்கிறது என்பதை விட எத்தனை ஓடுகிறது என்று கேளுங்கள்.

மகளை கேன்டீன் பக்கமோ மரத்தடிக்கோ அனுப்பி சீனியர்களிடம் பேசவிடுங்கள். நீங்கள் கூடப் போக வேண்டாம். அவள் கேட்க வேண்டியது நீளமான கேள்வி இல்லை.

“அக்கா, மேஜர் எடுக்கிற மேடம் யாராவது இந்த வருஷம் போயிட்டாங்களா?”

“சிலபஸ் முடிச்சுத் தருவாங்களா, இல்ல கடைசி வாரம் நோட்ஸ் ஜெராக்ஸ்தானா?”

“போன வருஷம் முடிச்ச அக்காங்க இப்ப என்ன பண்றாங்க?”

மூன்றாவது கேள்வியைத் துறைத் தலைவரிடமும் கேளுங்கள். போன வருடம் முப்பத்தைந்து பேர் முடித்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் எம்.எஸ்ஸி., எத்தனை பேர் பி.எட்., எத்தனை பேர் வேலை என்று விரல் விட்டுச் சொல்கிற துறைத் தலைவர் தன் மாணவிகளைத் தெரிந்தவர். “எல்லாரும் நல்லா இருக்காங்க” என்று முடித்துக்கொள்கிறவரிடம் மகளை ஒப்படைக்கும் முன் யோசியுங்கள்.

பணமும் பயணமும்

ஒரு வருடக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுவது எல்லோரும் செய்வது. மூன்று வருடத்துக்கும், வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வரைக்கும் கணக்குப் போடுங்கள். எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு: முதல் கல்லூரியில் வருடக் கட்டணம் ரூ.18,000, கல்லூரி பஸ்ஸுக்கு ரூ.14,000. இரண்டாவதில் கட்டணம் ரூ.27,000, ஆனால் டவுன் பஸ்ஸில் போகலாம். முதலாவதற்கு மூன்று வருடத்துக்கு ரூ.96,000. இரண்டாவதற்கு ரூ.81,000. கட்டணம் குறைந்த கல்லூரிதான் செலவு கூடியதாக முடிகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அந்த பஸ் ஓடும் பாதையில் கல்லூரி இருப்பதே ஓர் உதவித்தொகைதான்.

தேர்வுக் கட்டணம், யூனிஃபார்ம், லேப் கட்டணம், துறைச் சங்கக் கட்டணம், கல்விச் சுற்றுலா எல்லாம் கட்டண அட்டையில் உண்டா, தனியா என்று எழுதி வாங்குங்கள். “மற்றவை” என்ற வரிக்கு விளக்கம் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

நேரமும் பணம்தான். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் ஆறு செமஸ்டருக்கு 540 நாள். ஒரு கல்லூரிக்குப் போய்வர இரண்டரை மணி நேரம், மற்றதற்கு ஒரு மணி நேரம் என்றால் வித்தியாசம் 810 மணி நேரம். போட்டித் தேர்வுக்குத் தயாராகவும், தட்டச்சு ஹையர் முடிக்கவும், வீட்டில் சற்று உட்கார்ந்து மூச்சு விடவும் அந்த நேரம் வேண்டும். கல்லூரி பஸ் மூன்றரை மணிக்கே கிளம்பிவிடுமா என்றும் கேளுங்கள். அப்படியானால் லைப்ரரியும் விளையாட்டும் பஸ்ஸில் வரும் பெண்களுக்கு இல்லை என்றே ஆகிறது.

உதவித்தொகை விஷயத்தில் இரண்டு கல்லூரியும் ஒன்று போலத் தோன்றும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்கில் வருகிறது. பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது நீட்டிக்கப்பட்டது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவிகளுக்கான உதவித்தொகைகள் தனி. வித்தியாசம் கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறது. விண்ணப்பத்தை நேரத்தில் பதிவேற்றி, விட்டுப்போன ஆவணத்தைக் கேட்டு வாங்கும் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறாரா? சீனியர்களுக்குப் பணம் ஒழுங்காக வருகிறதா? அதைக் கேளுங்கள்.

பெண்ணின் பெற்றோர் கேட்கத் தயங்குபவை

கழிப்பறையை மகளே போய்ப் பார்க்கட்டும். தண்ணீர், தாழ்ப்பாள், நாப்கின் போட வழி மூன்றும் இருக்க வேண்டும். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வீடு திரும்பும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நிலை வரும் கல்லூரி வேண்டாம்.

பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்க உள் புகார்க் குழு ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். மகளிர் கல்லூரிக்கும் அது பொருந்தும். உறுப்பினர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் பெண்கள் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கிறதா? ராகிங் தடுப்புக்கான தேசிய உதவி எண் 1800-180-5522. இதை மகளின் போனில் பதிந்து கொடுங்கள்.

ஹாஸ்டல் என்றால் மெஸ் சாப்பாட்டை ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்கள். அறைக்கு எத்தனை பேர், இரவில் காய்ச்சல் வந்தால் யார் கூட்டிப் போவார்கள், வார்டன் அங்கேயே தங்குகிறாரா என்று கேளுங்கள். அவுட்பாஸ் கண்டிப்பு எவ்வளவு என்பதோடு, அந்தக் கண்டிப்பில் போட்டிகளுக்கும் பயிற்சி வகுப்புகளுக்கும் போக வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். வாயிற்கதவு பலமாக இருப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. பிரச்சினை வந்தால் ஓடிப்போய்ச் சொல்ல ஒரு ஆசிரியர் இருக்க வேண்டும்.

நடுவில் திருமணமாகிப் படிப்பு நின்றுபோன மாணவிகள் பற்றியும் கேளுங்கள். “அந்தப் பொண்ணு வீட்டுக்கே போய்ப் பேசி, எக்ஸாம் எழுத வெச்சோம்” என்று சொல்ல ஆள் உள்ள துறை இருந்தால், அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்த பிறகு மனம் மாறினால்

முதலில் ஒன்றில் கட்டிவிட்டு, பிறகு மற்றதில் இடம் கிடைப்பது சகஜம். பயந்துபோய் விட்டுக்கொடுக்க வேண்டாம். மதிப்பெண் பட்டியல் போன்ற அசல் சான்றிதழ்களைக் கல்லூரி சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்; பிடித்து வைக்கக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி. கட்டணத்தைத் திருப்பித் தரவும் விதி உண்டு. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுக் கட்டணம், அக்டோபர் 31 வரை விலகியவர்களுக்கு ரூ.1,000-க்கு மேல் பிடிக்காமல் மீதி என்று யு.ஜி.சி. அறிவித்தது. நீங்கள் சேரும் ஆண்டுக்கான தேதியைப் பார்த்துக்கொண்டு, விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

முடிவெடுக்கும் வரிசை

எல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, இந்த வரிசையில் எழுதுங்கள்.

1. மகள் விரும்பும் பாடம் அங்கே உண்டா, பட்டத்தின் பெயரில் சிக்கல் இல்லையா?
2. அந்தத் துறையில் மூன்று வருடத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர்?
3. போன வருடம் முடித்தவர்கள் எங்கே போனார்கள்?
4. போய்வர எவ்வளவு நேரம்?
5. மூன்று வருட மொத்தச் செலவு எவ்வளவு?
6. அதே பாடத்தில் அங்கேயே முதுகலை உண்டா?
7. கட்டடம், கிரேடு, ஊரார் பேச்சு.

முதல் கேள்வியில் தோற்ற கல்லூரியை அங்கேயே விட்டுவிடுங்கள். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒரு கல்லூரி தெளிவாக முந்தினால், ஐந்தாவதில் சில ஆயிரம் கூடினாலும் அதையே எடுங்கள். நான்காவது வரை சமமாக இருந்தால் செலவு குறைந்ததை எடுப்பதில் தவறே இல்லை. ஏழாவது வரி வரைக்கும் போக வேண்டி வருவது அபூர்வம்.

கடைசியாகப் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அந்தத் தாளை நிரப்பும் பேனா மகள் கையில் இருக்கட்டும். நீங்கள் செலவையும் பாதுகாப்பையும் சொல்லுங்கள். பாடத்தையும் துறையையும் அவள் சொல்லட்டும். இரண்டு கல்லூரியையும் தன் கண்ணால் பார்த்து, தானே கேள்வி கேட்டு, காரணம் சொல்லித் தேர்ந்தெடுத்த பெண், முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் போனாலும் படிப்பை விடமாட்டாள். அப்ளிகேஷன் கடைசித் தேதிக்கு முன் ஒரு வேலை நாளில் லீவு போட்டு அவளை இரண்டு கல்லூரிக்கும் கூட்டிப் போங்கள்.